தாயின் ரிப்போர்ட்டும் மகளின் சம்பந்தமும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவ இணைப்பில் ஆன்கோஜீன், அதாவது பழுதானால் புற்றை உண்டாக்கும் ஜீன், பற்றி வந்த கட்டுரையை எங்கள் தெருவில் நாலைந்து வீட்டில் படித்திருக்கிறார்கள். படித்ததோடு விட்டிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். பூ வைத்து முடித்திருந்த ஒரு சம்பந்தம் இந்த வாரம் நின்றுபோனது. பெண்ணின் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், சிகிச்சையில் இருக்கிறார். பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஹெர்2 பாசிட்டிவ்' என்று இருந்திருக்கிறது. அது ஒரு ஜீன் என்று உங்கள் கட்டுரை சொல்லிவிட்டது. ஜீன் என்றால் தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதுதானே என்று மாப்பிள்ளை வீட்டார் மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

ஹெர்2 ஜீன் அந்த அம்மாவிடம் மட்டும் இல்லை. மாப்பிள்ளையிடம் இருக்கிறது, அவரைப் பெற்றவரிடம் இருக்கிறது, உங்களிடமும் என்னிடமும் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி. 'வளரலாம்' என்று வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள்ளே கடத்த உதவும் புரதத்தைச் செய்வது அதன் வேலை. சில பெண்களின் மார்பில் ஏதோ ஒரு செல்லில் அந்த ஜீனின் பிரதிகள் தாறுமாறாகப் பெருகிவிடுகின்றன. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேருக்கு இப்படி. அந்தப் பெருக்கம் கட்டிக்குள்தான் இருக்கிறது. மார்பில் ஒரு செல்லுக்கு நேர்ந்த பழுது கருமுட்டைக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. அப்புறம் மகளுக்கு எப்படிப் போகும்?

இந்த ஆன்கோஜீன்கள் வெளியிலிருந்து வந்தவை இல்லை, உடம்பில் இயல்பாக இருக்கும் ஜீன்கள்தான் என்பதே விஞ்ஞானிகளுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. 1911-இல் அமெரிக்க விஞ்ஞானி பெய்டன் ரவுஸ் ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்லே இல்லாமல் வடிகட்டிய சாற்றை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். அவற்றுக்கும் கட்டி வந்தது. சாற்றில் இருந்தது ஒரு வைரஸ். பெரிதாக யாரும் மதிக்கவில்லை. நோபல் பரிசு 1966-இல்தான் வந்து சேர்ந்தது, அவருக்கு அப்போது வயது 87. அந்த வைரஸில் புற்றை உண்டாக்கும் ஜீனுக்கு 'சார்க்' என்று பெயர். 1976-இல் பிஷப், வார்மஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிகளின் குழுவினர் நோயே இல்லாத கோழியின் செல்லிலும் அதே ஜீன் இருப்பதைக் காட்டினார்கள். கோழியிடமிருந்து எப்போதோ வைரஸ் எடுத்துக்கொண்டு போன சரக்கு அது! நான் பாடம் எடுத்த காலத்தில், வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் நான் மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன்.

1982-இல் இன்னும் தெளிவானது. செல்லை வளரச் சொல்லும் இன்னொரு ஜீன் 'ராஸ்'. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றிலிருந்து எடுத்த ராஸைச் சாதாரண ராஸோடு ஒப்பிட்டபோது வித்தியாசம், ஜீன் எழுதப்பட்டிருக்கும் டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து. அதனால் புரதத்தில் 12-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. சரியான ராஸ், சேதி வந்தால் திறக்கும், வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். பழுதான ராஸ், மடைப்பலகை மேலேயே இறுகிக்கொண்டது மாதிரி. வயலுக்குத் தண்ணீர் போதும் என்றாலும் பாய்ந்துகொண்டே இருக்கும். இது ஒன்றினால் மட்டும் புற்று வந்துவிடாது. மடை பார்க்கிற ஆளும் இல்லாமல் போகவேண்டும். அதாவது பி53 போன்ற தடுக்கும் ஜீன்களும் கெடவேண்டும். பல பழுதுகள் ஒரே செல்லில் சேர வருஷக்கணக்காகும் என்பதால்தான் பெரும்பாலான புற்றுநோய் வயதானபின் வருகிறது.

பழுது எப்படி வருகிறது என்பதற்கு எங்கள் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் தூரம் போகவேண்டாம். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் வீடுகள், வாயில் புகையிலையை ஒதுக்கிய முகங்கள். புகையிலையில் உள்ள நச்சுகள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு எழுத்தை மாற்றிவிடும். இந்தியாவில் புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றில் இதே ராஸ் குடும்பத்து ஜீனில் பழுது இருப்பதை 1991-லேயே ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனால் மெல்லுகிறவரைக் கேட்டால், "எங்க வம்சத்துலயே உண்டு சார், நாம என்ன செய்ய?" என்பார். வம்சம் என்கிற ஒரே சொல் அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துகிறது, இவர் வாயில் புகையிலையைத் தொடரவும் விடுகிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

பரம்பரையாக வரும் புற்றுநோயே இல்லை என்று சொல்லமாட்டேன். நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை உண்டு. மார்பகத்தில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டும் பேர்போனவை. அவை ஆன்கோஜீன்கள் இல்லை, டிஎன்ஏவின் பழுதைச் சரிபார்க்கும் ஜீன்கள். வாரிசாக வரும் ஆன்கோஜீன் அபூர்வம். தைராய்டில் ஒருவகைப் புற்றுக்குக் காரணமான 'ரெட்' அதில் ஒன்று. தாய்க்கு மார்பகப் புற்று இருந்தால் மகள் டாக்டரிடம் சொல்லிக் கொஞ்சம் முன்கூட்டியே பரிசோதனையைத் தொடங்குவது நல்லதுதான். அது அவள் உடம்புக்காகச் செய்வது, சம்பந்திகள் கேட்டு வாங்கிப் பார்க்கும் ஜாதகம் இல்லை.

உங்கள் கட்டுரை தொடவே தொடாத விஷயம் இன்னொன்று. எந்த ஜீன் என்று தெரிந்ததால்தான் மருந்தே வந்தது. ஹெர்2 பாசிட்டிவ் என்றாலே ஒரு காலத்தில் கெட்ட சேதி. 1998-இல் ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசிமருந்து வந்தபிறகு அந்த வரி எந்த ஊசி என்று டாக்டருக்குச் சொல்லும் வரி ஆகிவிட்டது. ஒருவகை ரத்தப்புற்றுக்குக் காரணமான பிசிஆர்-ஏபிஎல் என்ற, இரண்டு ஜீன்கள் ஒட்டி உருவான ஒட்டுஜீனை அடக்கும் இமாடினிப் மாத்திரை 2001-இல் வந்தது. அதன் காப்புரிமையை 2013-இல் நம் உச்சநீதிமன்றம் மறுத்த வழக்கு உங்கள் பத்திரிகையிலேயே முதல் பக்கத்தில் வந்த ஞாபகம். ராஸுக்கு மட்டும் மருந்து எளிதில் சிக்கவில்லை. அதில் ஒரு வகைப் பழுதுக்கு 2021-இல்தான் முதல் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

எனவே, இந்த ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு விளக்கம் போடுங்கள். திருநெல்வேலி ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் ஒருவரிடம் 'பயாப்சி ரிப்போர்ட்டில் வரும் ஜீன் பெயர்கள் பிள்ளைகளுக்குப் போகுமா?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, அவர் சொல்லும் பதிலை அப்படியே அச்சிட்டாலும் போதும். அந்தப் பெண்ணின் அப்பா பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
முக்கூடல்.