பட்டிக்கு அடியில் தேங்காய் நார்

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. உன் பேத்தி காதுகுத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வீட்டுக்காரிக்கும் மனக்குறைதான். அந்தச் சமயம் பார்த்து நெகமத்தில் மாமனார் தோப்பில் இருக்க வேண்டியதாகிவிட்டது. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை. ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்து கிடக்கிறது. மாமனார் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுகிறார், மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார். காய்க்கு விலை ஏறும் வருஷமாகப் பார்த்துத்தான் மரம் ஏமாற்றும், உனக்குத் தெரியாததா.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். போனில் பாதி சொன்னேன், உன் பக்கம் கம்ப்ரசர் சத்தத்தில் எதுவும் உனக்குக் கேட்கவில்லை.

நான் வாங்கியது எம்ஜிபி என்கிற ஸ்போர்ட்ஸ் கார், 1966 மாடல். இரண்டு சீட்டு, மேலே துணிக் கூரை. இங்கிலாந்தில் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி, அதனால் உலகத்தில் அபூர்வம் ஒன்றும் கிடையாது. நம்ம பக்கம்தான் அபூர்வம். வால்பாறை எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை கொண்டுவந்தது என்று விற்றவர்கள் சொன்னார்கள். பழைய கார் விற்கிற எல்லோர் கதையிலும் ஒரு துரை இருப்பார், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இன்ஜின் சத்தம் நன்றாக இருந்தது. பெயிண்ட் கண்ணாடியாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பைத்தான் நாம் சந்தேகப்பட வேண்டும் என்று நீ அடிக்கடி சொல்வாயே, அதுதான் நடந்தது.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் டிரைவர் பக்கக் கதவு இடித்தது. மறுநாள் ஜாக்கி வைத்து அந்தப் பக்கம் தூக்கிப் பார்த்தேன். கதவுக்கும் பின் பாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளி மேலே சுருங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் கதவு திறக்கவே இல்லை. ஜாக்கியை இறக்கினால் திறக்கிறது.

நீ கட்டும் பஸ் பாடிக்கு அடியில் சேஸிஸ் என்று ஒன்று இருக்கிறது. பாடி எப்படிப் போனாலும் பாரத்தை அது தாங்கிவிடும். இந்தக் காரில் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அதிலும் மேலே இரும்புக் கூரை இல்லாததால் வண்டி நடுவில் மடங்காமல் பிடித்து வைத்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு பெட்டிகளும் நடுவில் கியர்பாக்ஸுக்கு மேலே போகும் கூடும்தான். அந்தப் பெட்டிக்குள் வெளித் தகடு, உள் தகடு, இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, அடியில் ஒரு ரெயில் என்று நாலும் சேர்ந்துதான் பலம். ஒன்று அரித்தாலே பலம் குறைந்துவிடும்.

ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு பாடி முழுக்க வைத்துப் பார்த்தேன். பானெட்டிலும் கதவிலும் டப்பென்று ஒட்டியது. கதவுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு முன்னால், கையை எடுத்ததும் தரையில் விழுந்தது. கிரைண்டரைப் பிடித்தேன். பச்சைப் பெயிண்ட், அதற்குக் கீழே அரை இஞ்சுக்குப் பள்ளம் மறைக்கப் பூசும் பட்டி, பட்டிக்குக் கீழே பாப் ரிவெட் அடித்து ஒட்டிய ஒரு மெல்லிய தகடு, அதைப் பிரித்தால் உள்ளே தேங்காய் நார். திணித்து, மேலே ரெசின் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். வேலை எந்த ஊரில் நடந்திருக்கும் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை, பொள்ளாச்சி பக்கத்தில் வேறு எது சும்மா கிடைக்கும்?

தட்டினால் கல்லென்று சத்தம் வர வேண்டும் என்பதற்காக வைத்திருப்பார்கள் போல. ஆனால் நார் தண்ணீரைக் குடித்தால் விடாது. மழையில் உள்ளே போனது, கழுவும்போது போனது எல்லாவற்றையும் வருஷக்கணக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு உள் தகட்டையும் தின்றுவிட்டது. நடுத் தகடு இருந்த இடத்தில் கையை விட்டால் துருதான் அள்ளிக்கொண்டு வருகிறது. ஒன்றுமே செய்யாமல் ஓட்டையாக விட்டிருந்தால்கூடத் தண்ணீர் வடிந்து, இன்னும் கொஞ்சம் இரும்பு மிஞ்சியிருக்கும்.

இது எப்போது நடந்தது என்பதும் பெயிண்டிலேயே இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் நிறம் சிவப்பு. பட்டி இருப்பது சிவப்புக்கு மேலே, பச்சைக்குக் கீழே. ஆக, பச்சை அடித்ததே விற்பதற்காக. எனக்கு விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் அப்பா வாங்கும்போதே வண்டி பச்சைதான் என்று பழைய போட்டோவைக் காட்டினார்கள். அவரும் ஏமாந்தவர்தான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பிரேக். நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின் அச்சில் பிரேக் ஆயில் இரண்டு சக்கரத்துக்கும் பிரியும் மூன்று வழி யூனியனைக் கழற்றினேன். இடது சக்கரத்துக்குப் போகும் பைப்பின் வாயில் ஒரு பேரிங் குண்டு உட்கார்ந்திருந்தது. வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கிறது. சிலிண்டரை மாற்றாமல் அந்தச் சக்கரத்துக்கு ஆயிலே போகாமல் அடைத்துவிட்டார்கள். நடு ரோட்டில் ஒழுகினால் வீடு வந்து சேர லாரிக்காரர்கள் இப்படிச் செய்வதை நீயும் நானும் சங்ககிரியில் பார்த்திருக்கிறோம். வீடு வந்து சேர்ந்த பிறகும் அதை அப்படியே விட்டு, மேலே டிரம்மை மாட்டி, அடுத்தவன் கையில் சாவியைக் கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

ஒயரிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் கடிதம் முடியாது. அந்தக் காலத்து எம்ஜிபிக்குப் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேரும் எர்த், சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு. யாரோ பன்னிரண்டு வோல்ட் ஒன்றை வைத்து நெகட்டிவை எர்த் ஆக்கிவிட்டார்கள். அது தப்பில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் பாதியில் விட்டுவிட்டார்கள். ஸ்பார்க் கொடுக்கும் இக்னிஷன் காயிலில் ஒயரை மாற்றிப் போடவில்லை, ஸ்பார்க் பலமில்லை. ஆர்பிஎம் மீட்டர் அந்தப் பழைய எர்த்துக்கென்று செய்தது, முள் அசையவே இல்லை. கெட்டுப்போச்சு என்று எல்லோரும் விட்டிருக்கிறார்கள். பிரவுன், வெள்ளை, பச்சை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் வைத்திருந்த ஒயரை எடுத்துவிட்டு, வீட்டுக்கு இழுக்கும் சிவப்பு ஒயரையே எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மோட்டார் காயில் கட்டும் செம்புக் கம்பி. நம்ம ஊர் முத்திரை!

பட்டறைத் தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இந்தக் காரை எவனுமே ஒழுங்கா பாக்கலீங்களா?" என்றான். அங்கேதான் எனக்கு அவனோடு ஒத்துப்போகவில்லை. ஏனென்றால் இதே காரில் இன்னொரு கையும் இருக்கிறது. முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னின் புஷ்ஷை கன்மெட்டல் வெண்கலத்தில் கடைந்து, ரீமரால் துளையைச் சரியாக்கி, மயிரிழை ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பின் ஷாக் அப்சார்பர் இந்தக் காரில் நெம்புகோல் மாதிரிக் கை நீட்டிய மாடல், தண்டு வழியாக ஆயில் ஒழுகுவதுதான் அதற்கு நோய். அந்த மனிதர் லேத்தில் வாய் வெட்டி, பம்ப் மோட்டாருக்குப் போடும் ஆயில் சீலை உள்ளே உட்கார வைத்திருக்கிறார். இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. 1991க்கு முன்னால் வெளிநாட்டு சாமான் ஒன்றை இறக்குவது எவ்வளவு பாடு! கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்திருக்கிறார். ஒரிஜினல் இல்லை என்று இதைப் பிடுங்கி எறியச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் எறிய மாட்டேன். அவர் செய்தது யாருடைய கண்ணிலும் படாத இடத்தில், வண்டி ஓடுவதற்காக. நார் வைத்தவன் செய்தது கண்ணில் படுகிற இடத்தில், வண்டி விற்பதற்காக. இரண்டையும் ஒட்டுவேலை என்று ஒரே பெயரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்ஜினையும் யாரும் கெடுக்கவில்லை. அதற்குக் காரணம் அம்பாசடர். அதில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதில் இருக்கும் 1798 சிசியும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 88.9 மில்லிமீட்டர்தான், சிலிண்டரின் குறுக்களவான போர் மட்டும் இதில் பெரிது. டாக்ஸி ஸ்டாண்டில் வேலை பழகிய எந்த மெக்கானிக்கும் பானெட்டைத் திறந்தவுடன் தன் வீட்டுக்குள் வந்த மாதிரி கை வைத்திருப்பான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். வெளித் தகடுகளை இங்கிலாந்தில் இருந்தே வரவழைக்கிறேன். பழைய அச்சான டையிலேயே இன்னும் அடித்து விற்கிறார்கள், முழு பாடியே கிடைக்கிறது. கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் வீட்டில் சொல்ல முடியாத தொகை, நீயும் சொல்லிவிடாதே. அடி ரெயிலையும் நடுத் தகட்டையும் இங்கேயே தகடு மடக்கும் பிரஸ் பிரேக் மெஷினில் வளைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பெட்டியை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி கொடுத்துப் பிடிக்க வேண்டும், அப்படிப் பிடிக்காமல் வெட்டினால் பாடி தொங்கிவிடும். பிறகு எந்தக் கதவும் இந்த ஜென்மத்தில் பொருந்தாது. லெவல் பார்த்து, இடைவெளி அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்து வெல்டிங் அடிக்க உன்னைவிட நல்ல கண் எனக்குத் தெரிந்து யாருக்கும் இல்லை. தகட்டுப் பார்சல் வந்ததும் போன் செய்கிறேன், இரண்டு நாள் ஒதுக்கு.

வரும்போது உன் ஷெட்டில் ஜன்னல் ஃபிரேம் நிமிர்த்த வைத்திருந்தாயே, திருகினால் நீளம் கூடிக் குறையுமே, அந்த டர்ன்பக்கிள், நாலும் இருந்தால் நாலையும் எடுத்துக்கொண்டு வா. தங்கச்சியையும் கூட்டி வா, இங்கே உன்னோடு பேச்சுக் கொடுக்க எனக்கு நேரம் இருக்காது, தங்கச்சியும் என் வீட்டுக்காரியும் பேசிக்கொண்டு இருக்கட்டும். சிங்காநல்லூரில் இறங்கிப் போன் செய். பையனைத்தான் அனுப்புவேன், அவன் காரில் வாருங்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி