கடைக் கணினியை விற்கும் முன்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ராணிப்பேட்டையிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே சித்திரை பிறக்கும் முன்பே வெயில் கொளுத்துகிறது. அம்மா நலம், உன்னை விசாரித்தார்.

ஜெராக்ஸ் கடையை மூடுகிறாய் என்பது வருத்தம்தான். ஆனால் என்னை உடனே எழுத வைத்தது உன் கடைசி வரி. ஃபைல்களை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டாய், ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர் வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து கொடுத்துவிடாதே.

ஃபைலை அழிக்கும்போது விண்டோஸ் அதன் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. இந்த இடம் காலி என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் நிலம் எங்கே போய்விடும்? அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அப்படியே கிடக்கும். டிஸ்க்கைச் சட்டென்று காலியாக்கிக் காட்டும் குவிக் ஃபார்மட் செய்தாலும் இதே கதைதான்.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவன், மலிவாக வாங்கிய பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை என் கடைக்குக் கொண்டுவந்தான். அதில் தெரியாமல் அழித்த படங்களை மீட்க வேண்டுமாம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். அவன் படங்களோடு, யாருடைய கடையிலோ ஸ்கேன் செய்தவையும் வரிசையாக வந்தன. ஃபைல்களின் பெயர் போய் எண்கள்தான் மிஞ்சியிருந்தன. திறந்தால் எல்லாம் தெளிவு. ஒரு பாட்டியின் ஆதார் அட்டை, ஒரு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பத்திரத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை. ரேகையின் கோடுகளை எண்ணலாம் போலிருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. உன் கடையில் எத்தனை பேர் இப்படி நம்பிக் கொடுத்திருப்பார்கள்!

எங்கும் இதே நிலைதான். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இருவர் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

முதலில் உன் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் வேறொன்றில் நகல் எடுத்துக்கொள். பெரிய கணினியில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். அதன் டி டிரைவை நீயே ஃபார்மட் செய்யலாம். குவிக் ஃபார்மட் என்ற கட்டத்தில் உள்ள டிக்கை மட்டும் எடுத்துவிடு. விஸ்டா என்ற பதிப்பு முதல், முழு ஃபார்மட் என்றால் விண்டோஸ் அந்த டிரைவ் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவை உள்ளிருந்தே இப்படிச் செய்ய முடியாது. பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, என்வைப் (nwipe) என்பது போன்ற, டிஸ்க்கைத் துடைக்கும் மென்பொருளால் துடைக்க வேண்டும்.

பழைய தகவலின் மேல் 35 முறை எழுத வேண்டும் என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருந்தாய். அது கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996இல் அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்காகச் சொன்னது. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்குப் பொதுவாக ஒரு முறை போதும் என்பதே அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2014இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலை. 500 ஜிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒரு முறை எழுதி முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் இரண்டு நாள் வீண்.

சின்னக் கணினியில் நீ போட்ட எஸ்எஸ்டி வேறு வகை, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது. தேய்மானம் ஓரிடத்தில் சேராமலிருக்க, அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே மேலே எழுதினாலும் பழைய தகவல் ஏதோ ஒரு மூலையில் தங்கிவிடலாம். அதற்குத் தயாரிப்பாளர் தரும் செக்யூர் இரேஸ், அதாவது முழுவதையும் தானே அழித்துக்கொள்ளச் சொல்லும் கட்டளைதான் சரி.

ஓடாமல் கிடக்கும் அந்தப் பழைய டிஸ்க்கையும் காயலான் கடையில் போடாதே. நட்சத்திரத் தலைத் திருகுகளைக் கழற்றினால், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் தட்டுகள் உள்ளே இருக்கும். டிரில்லால் அவற்றில் துளை போட்டுவிடலாம். லேப்டாப் டிஸ்க்காக இருந்தால் தட்டு கண்ணாடியாகவும் இருக்கலாம், சில்லு தெறிக்கும். அதில் நீ கை வைக்காதே.

வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வருகிறேன். பென் டிரைவும் திருப்புளியும் கொண்டுவருகிறேன், ஒரே நாளில் முடித்துவிடலாம். வாங்குபவரை அதுவரை பொறுக்கச் சொல். அவசரப்பட்டால் டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் கொடு. விலையில் சில நூறு ரூபாய் குறையும், குறையட்டும்.

அன்புடன்,
முருகேசன்