லூயிஸ் டியான்டின் பெயரை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தலைசிறந்த பேஸ்பால் வீரர்களைக் கௌரவிக்கும், அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் அமைந்த ஹால் ஆஃப் ஃபேமின் மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கியூபாவில் பிறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) லூயிஸ் டியான்ட், 2024 அக்டோபர் 8 அன்று தம் 83ஆம் வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் கூடிய உங்கள் 16 பேர் குழு டிக் ஆலனையும் டேவ் பார்க்கரையும் தேர்ந்தெடுத்தது. டியான்டுக்கு ஐந்து வாக்குகள்கூட விழவில்லை. தேர்வானவர்களின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. விடுபட்டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1987இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற பிட்சர் கேட்ஃபிஷ் ஹன்டர் 224 ஆட்டங்களை வென்றவர். டியான்ட் வென்றவை 229. எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் தனியொருவராக வீசி முடித்த ஆட்டங்கள் ஹன்டருக்கு 42, டியான்டுக்கு 49. ஹன்டரின் ஸ்டிரைக்அவுட்கள் (மூன்று ஸ்டிரைக்குகளில் பேட்டரை வெளியேற்றியவை) 2,012; டியான்டுடையவை 2,416. ஹன்டரின் அணிகள் ஐந்து முறை வேர்ல்டு சீரிஸை, அதாவது ஆண்டின் இறுதிச் சாம்பியன் போட்டித் தொடரை, வென்றன என்பது உண்மைதான். ஆனால் அது அணி முழுவதற்கும் உரிய பெருமை.

1968இல் கிளீவ்லாண்டு அணிக்காக ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.60 ரன் மட்டுமே கொடுத்த டியான்டுக்கு, 1970இல் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறு ஆண்டே, அப்போது அவர் ஆடிவந்த மின்னசோட்டா அணி அவரை விடுவித்தது. பழைய வேகம் போய்விட்ட நிலையில் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தவர், பேட்டருக்கு முதுகைக் காட்டி, அண்ணாந்து வானத்தைப் பார்த்து, பிறகு சட்டெனத் திரும்பிப் பந்தை விடும் ஒரு முறையைக் கைக்கொண்டார். பந்து எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் வரும் என்று பேட்டரால் கணிக்க இயலவில்லை. 1972இல் அவருடைய சராசரி 1.91, மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே அதுதான் ஆகச் சிறந்தது.

1975 வேர்ல்டு சீரிஸின் முதல் ஆட்டத்தில், பெஞ்ச், மோர்கன், ரோஸ், பெரெஸ் ஆகிய புகழ்பெற்ற பேட்டர்கள் அடங்கிய சின்சினாட்டி அணியை அவர் ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் தாமே அடித்து ஓடி, ரன் எடுக்க மிதிக்க வேண்டிய ஹோம் பிளேட்டை மிதிக்காமல் கடந்துவிட்டு, திரும்பி வந்து மிதித்து முதல் ரன்னையும் எடுத்தார். நான்காவது ஆட்டத்தில், களைத்துப்போன கையோடு 150க்கும் மேற்பட்ட பந்துகளை வீசி 5-4 என வென்று கொடுத்தார்.

அவருடைய தந்தையும் பெரிய பிட்சர். நிறவெறி அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீகைக் கறுப்பின வீரர்களுக்கு அடைத்து வைத்திருந்ததால், அவர்களுக்கென இருந்த நீக்ரோ லீகில் நியூயார்க் கியூபன்ஸ் அணிக்கு ஆடியவர். மகனைப் பதினான்கு ஆண்டுகள் பிரிந்திருந்தபின் 1975 ஆகஸ்டில் பாஸ்டன் வந்த அவர், ஃபென்வே மைதானத்தில் கோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் மரியாதைக்குரிய முதல் பந்தை எறிந்தார்.

அடுத்த முறை குழு கூடும்போது டியான்டின் பெயரைப் பட்டியலில் சேர்த்து, காயத்துக்கு முன்னும் பின்னும் அவர் ஆடிய ஆண்டுகளைத் தனித்தனியே எடைபோட்டு வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் பதிக்கப்படும் பட்டயத்தில் தந்தையின் பெயரும் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
பேஸ்பாலை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்