கூந்தன்குளத்து நாரைகள் நம் நாட்டுப் பறவைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். படம் அருமை. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று வாயில் சுள்ளியோடு கூட்டில் இறங்குகிறது. இறக்கையின் பின்பக்கத்து ரோஜா நிறம்கூட அச்சில் அப்படியே வந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த வரிதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. "ஆஸ்திரேலியா, சைபீரியா போன்ற நாடுகளிலிருந்து வந்துள்ள இப்பறவைகள் இங்கு முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, குஞ்சுகளுடன் தாயகம் திரும்பும்."

இதே வரி போன வருடமும் வந்தது. அதற்கு முந்தைய வருடமும் வந்தது. இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை. இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பது வருடமாகத் தங்கள் பேப்பரைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவள் என்ற உரிமையில் மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

தாங்கள் அறியாதது இல்லை. கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையும், கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், கரண்டிவாயனும், நீர்க்காகமும் இந்த நாட்டிலேயே பிறந்து இந்த நாட்டிலேயே வாழ்பவை. மழையில் குளம் பெருகி மீன் நிறைந்திருக்கிறதா என்று பார்த்து, குஞ்சுக்கு இரை கிடைக்கும் என்று தெரிந்தால் கூடு கட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவை வேறு பறவைகள். வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கத்து மேட்டுநில ஏரிகளிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறது. கொசு உள்ளான் என்று ஒன்று வரும். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இருக்காது. அது வருவது வடதுருவத்தை ஒட்டிய பனிப்பிரதேசத்திலிருந்து. இவையெல்லாம் இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. அங்கே பனி உருகும் வைகாசி, ஆனியில்தான் அவற்றுக்குக் கூடும் குஞ்சும். இங்கே வருவது வயிற்றுப் பிழைப்புக்கு. அப்புறம் ஆஸ்திரேலியா. நமக்கு மார்கழி, தை என்றால் அங்கே நடுக்கோடை. குளிருக்குத் தப்பி அங்கிருந்து இங்கே பறந்து வரவேண்டிய தேவை எந்தப் பறவைக்கும் கிடையாது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத கிராமம் என்று கூந்தன்குளத்தைப் பற்றித் தாங்கள் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தில், புளியமரத்தில் வந்து கூடு கட்டும் நாரையை அவர்கள் விருந்தாளியாக நினைப்பதில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளாகப் பார்க்கிறார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அந்த ஊர்க்காரர்தான். அவர்கள் பிள்ளைபோல் பார்த்த பறவையை எந்த ஊர் பெயரோ எழுதி அனுப்பிவைப்பது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

இது வெறும் வார்த்தைப் பிழை என்று தங்களுக்குத் தோன்றலாம். என் பேத்தி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மூன்று வருடமாக, பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு என்னோடு வருகிறாள். பள்ளியில் ஒரு பொது அறிவுத் தேர்வு வைத்தார்கள். கூந்தன்குளத்தில் கூடு கட்டும் வெளிநாட்டுப் பறவை எது என்று கேள்வி. "அப்படி எதுவும் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். "ஆச்சி, நீங்க சொன்னதத்தான் எழுதினேன், தப்புன்னு போட்டுட்டாங்க" என்று அழுதுகொண்டு வந்தாள். மறுநாள் போய் ஆசிரியையைப் பார்த்தேன். அவர் மேல் குற்றமில்லை. தகவல் பலகையைக் காட்டினார். அங்கே தங்கள் பேப்பரின் போன வருடச் செய்தி வெட்டி ஒட்டியிருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது எங்கள் ஊர்க் குளத்து விஷயத்தில்.

எங்கள் குளத்தின் உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பகுதியில், வெகுதூரத்துக்குத் தரை சரிந்தே இருக்கும். தை பிறந்ததும் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஓர் அடி, இரண்டு அடியாகப் பின்வாங்கும். முந்தின நாள் தண்ணீர் நின்ற இடம் மறுநாள் காலையில் பளபளவென்று புதுச் சேறாக இருக்கும். பறவைகளுக்குப் பந்தி அங்கேதான். ஈரச் சேற்றின் மேல் கொசு உள்ளான் தையல் இயந்திரத்து ஊசி மாதிரி கொத்திக்கொண்டே ஓடும். விரல் நனைகிற தண்ணீரில் பொரி உள்ளான், நிமிடத்துக்கு ஒருதரம் வாலை ஆட்டிக்கொண்டு. இன்னும் கொஞ்சம் உள்ளே நெடுங்கால் உள்ளான். அதற்கும் அப்பால், வயிறு தொடும் தண்ணீரில் கருவால் மூக்கன் நின்று, கண் முங்குகிற அளவுக்கு அலகைச் சேற்றில் இறக்கிப் புழு எடுக்கும். ஒன்றின் இரையை இன்னொன்று தொடாது. விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போக மனம் வராது.

இரண்டு வருடம் முன்பு குளத்தை அழகுபடுத்தப் போவதாகச் சொல்லி ஜேசிபியைக் கொண்டுவந்தார்கள். சட்டிபோலத் தோண்டினார்கள். சரிவெல்லாம் போய், கரையை ஒட்டியே ஆள் ஆழம். சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டார்கள். நாங்கள் நாலைந்து பேர் மனு எடுத்துக்கொண்டு போனோம். பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரவைத்துப் பேசினார். "அம்மா, வெளிநாட்டுப் பறவை வர்றதே கூடு கட்டத்தானே? அதுக்காகத்தான் நடுவுல மண்திட்டுப் போட்டுக் கருவேலங்கன்று வைக்கிறோம். பேப்பர்லயே போட்டிருக்காங்களே" என்றார். நான் என்ன பதில் சொல்வது? சேறுதான் வேண்டும், மரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சேற்றை யாராவது காப்பாற்றச் சொல்வார்களா என்பதுபோல என்னைப் பார்த்தார். அச்சில் வந்த வரிக்கு முன்னால் நான் சொன்னது எடுபடவில்லை.

இந்தப் பொங்கலுக்கு நானும் பேத்தியும் போய் எண்ணினோம். பொரி உள்ளான் ஏழு. கருவால் மூக்கன் ஒன்றுகூட இல்லை. நிற்க இடம் இருந்தால்தானே வரும்? திட்டின் மேல் கன்றுகள் நன்றாகத்தான் வளர்கின்றன.

இந்த மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், விவசாயிகள் என்று ஊர்க்காரர்களே விடியுமுன் கிளம்பிப் போய் எண்ணுகிறார்கள். எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எது கட்டாது என்று அவர்களில் யாரைக் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தங்கள் நிருபர் ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கலாம். உள்ளூர்க் கோயில் கொடைத் திருவிழாத் தேதி தப்பாக வந்தால் மறுநாளே திருத்தம் போடுகிறீர்கள். பறவைக்கு மட்டும் ஏன் எதை எழுதினாலும் சரி என்று விட்டுவிடுகிறீர்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. "கூந்தன்குளத்தில் கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகளே, குளிர்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கு இனப்பெருக்கம் செய்வதில்லை" என்று இரண்டு வரித் திருத்தம், அதே மாவட்டப் பக்கத்தில். முடிந்தால் அடுத்த முறை படத்துக்குக் கீழே பறவையின் பெயரையும் போடுங்கள். திருத்தம் வந்தால் அதை வெட்டி எடுத்துப்போய் என் பேத்தியின் பள்ளிப் பலகையில் நானே ஒட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.