தேவதர்ஷினி வீட்டுக் கதை

ஆசிரியருக்கு,

சின்னத்திரை நடிகை என்றாலே யார் யாரைப் பிரிந்தார் என்றுதான் எழுதுகிறீர்கள், தேவதர்ஷினியைப் பற்றி ஒரு வரி எழுதக்கூடாதா? மர்மதேசம் ‘விடாது கருப்பு’ தொடரில் கூட நடித்த சேத்தனையே கல்யாணம் செய்துகொண்டார், அப்புறம் சீரியல், சினிமா எதையும் விடவில்லை. ‘காஞ்சனா’வில் கோவை சரளாவுக்கு மருமகளாக அவர் அடித்த லூட்டியை மறக்க முடியுமா? 2018-இல் வந்த ‘96’ படத்தில் அவருடைய பள்ளிப் பருவ வேடத்தில் நடித்தது அவர் மகளேதான். முகச்சாயலைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் சந்தேகமே வந்தது. ‘விடுதலை’ படத்தில் கொடுமைக்கார போலீஸ் அதிகாரியாக வந்த சேத்தனைத் திட்டித் தீர்த்த என் அம்மா, “இவரா தேவதர்ஷினி வீட்டுக்காரர்?” என்று இன்னும் நம்ப மறுக்கிறார்.

ஒரு வாசகி, மதுரை