டெய்லர் ஏன் நிற்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு டெய்லர்கள் கம்பெனி மாறுவதாகத் திருப்பூர் பனியன் முதலாளிகள் சலித்துக்கொள்கிறார்கள். போனஸை விடப் பெரிய காரணம் பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸ் தைக்கக் கொடுக்கும் கூலி. புது டிசைன் தையல் லைனில் ஏறியும் ரேட்டைப் பேசி முடிக்காமல் இழுத்து, சனிக்கிழமை சம்பளத்தில் குறைத்தால் யார் இருப்பார்கள்? கட்டிங்கிலிருந்து பண்டில் (வெட்டிய துணிக் கட்டு) வராமலோ, நூல் கலர் சேராமலோ ஓவர்லாக் மெஷின் சும்மா நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. தவறு பிளானிங்கில், நஷ்டம் டெய்லருக்கு.

முதல் பண்டில் இறங்குமுன் ரேட்டை எழுதி ஒட்டுங்கள். அரை மணிக்கு மேல் காத்திருந்தால் ஷிப்ட் கணக்கில் கொடுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். இது சலுகையல்ல, சட்டம். கான்ட்ராக்டர் மாறினாலும் பி.எஃப். பணத்தைப் பழைய யூஏஎன் (தொழிலாளியின் நிரந்தர பி.எஃப். எண்) எண்ணிலேயே கட்டச் சொல்லுங்கள். புது எண் போட்டால் பழைய பணத்தை எடுக்க அலைய வேண்டும்.

— வாசகர், திருப்பூர்