நிற்காதே என்று சொல்லுங்கள், என்ன செபம் என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டனில் இப்போது செபம் சொன்னாலே பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்ற தொனியில் உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ் 2025 பெப்ரவரியில் மியூனிக்கில், கருக்கலைப்பு கிளினிக் அருகே செபித்த ஒருவரைப் பற்றிப் பேசியதைக் கட்டுரையாளர் அப்படியே நம்பிவிட்டார் போலிருக்கிறது. நான் மேற்கு லண்டனில் இருக்கும் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண். தினமும் செபமாலை சொல்கிறவள், இதுவரை யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் வோல்சிங்கம் மாதாவிடம் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் போகிறோம், அதில் சைவர்களும் நிறையப் பேர். ஈலிங் அம்மன் கோவில் தேருக்குத் தெருவையே மூடிக் கொடுக்கிறார்கள். இதுதான் நான் பார்க்கிற பிரிட்டன்.

சட்டம் பேசுவது ஒரு வாசலைப் பற்றி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஒக்டோபர் 31 முதல், கருக்கலைப்பு செய்யும் கிளினிக்கைச் சுற்றி 150 மீற்றர். ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே, 200 மீற்றர். அதற்குள் நின்று, உள்ளே போகிறவரின் முடிவை மாற்றப் பார்ப்பதும், வழி மறிப்பதும், பயமுறுத்துவதும், மனம் நோக வைப்பதும் குற்றம். சிறை இல்லை, அபராதம்தான், ஆனால் அதற்கு உச்சவரம்பு கிடையாது.

இது வந்த கதை எனக்குக் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் முதலில் வந்தது எங்கள் ஈலிங்கில்தான். மேட்டொக் லேன் கிளினிக் வாசலில் 20 வருடங்களுக்கு மேலாகச் செபக் குழுக்கள் நின்றார்கள். உள்ளே போகிற பெண்ணை ‘மம்’ (அம்மா) என்று கூப்பிடுவது, கையில் இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ ஒரு செபமாலையைத் திணிப்பது, பிளாஸ்டிக் சிசுப் பொம்மையைக் காட்டுவது என்று பெண்கள் சொன்ன முறைப்பாடுகள் கவுன்சிலில் குவிந்தன. 2018 ஏப்ரலில் கவுன்சில் 100 மீற்றர் கட்டுப்பாடு போட்டது. அதிலும் செபத்தை ஒரேயடியாகத் துரத்தவில்லை, கொஞ்சம் தள்ளி ஓர் இடம் குறித்துக் கொடுத்து, நாலு பேர் வரை நிற்கலாம், ஏ3 அளவுக்கு மேல் பதாகை வேண்டாம் என்றார்கள் (எத்தனை பேர், எத்தனை அங்குலம் என்று கணக்குப் பார்ப்பதில் கவுன்சில்காரர்களை மிஞ்ச ஆளில்லை). வழக்குப் போட்டார்கள், 2019 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கவுன்சில் பக்கமே நின்றது.

இப்போது என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். எங்கே என்று சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிது, தவக்காலம், பூசை முடிந்து கோவில் ஆட்கள் சிலர் ஒரு வான் பிடித்துப் போனார்கள், நானும் ஏறிவிட்டேன். சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை, செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். தாயோடு வந்த ஒரு பிள்ளை எங்களைப் பார்த்ததும் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். ஆண்டவர் அவள் மனதைத் தொட்டுவிட்டார் என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஏழு வருடம் கழித்து, பதினோராவது கிழமையில் என் வயிற்றுப் பிள்ளையின் இதயம் நின்றுவிட்டது. சுத்தம் செய்வதற்கு என்னை அனுப்பிய இடத்தில் இதுவும் கருக்கலைப்பும் இரண்டுமே நடக்கும், வாசலும் ஒன்றுதான். அங்கே ஒரு வயதான அம்மா என்னிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டி, மிகவும் மெதுவாக, பிள்ளைக்கு இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும், தெரியுமா என்று கேட்டார். கணவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா கெட்டவரே இல்லை. நான் அன்றைக்கு எப்படி நின்றேனோ அப்படித்தான் நின்றார். எதற்காக வருகிறோம் என்று எங்கள் நெற்றியிலா எழுதியிருக்கிறது?

சரி, அதற்காக இந்தச் சட்டம் முழுக்க நல்லது என்று நான் வாதாடப் போவதில்லை. பேர்மிங்ஹாமில் 2022 இல் கிளினிக் அருகே பேசாமல் நின்ற ஒரு பெண்ணைப் பொலிஸ்காரர் செபிக்கிறீர்களா என்று கேட்க, மனதுக்குள் ஒருவேளை செபித்துக்கொண்டிருக்கலாம் என்று அவர் சொன்னார், கைது செய்தார்கள். நீதிமன்றம் விடுவித்தது, கடைசியில் பொலிஸ் அவருக்கு 13,000 பவுண் கொடுக்க வேண்டி வந்தது. போர்ன்மத்தில் ஒரு முன்னாள் இராணுவத்தினர் கிளினிக்குக்கு முதுகைக் காட்டி நின்று, 22 வருடத்துக்கு முன் தானும் சேர்ந்து கலைத்த தன் மகனுக்காக மௌனமாகச் செபித்தார். இன்றைக்கு உங்கள் செபம் எதைப் பற்றியது என்று ஓர் அலுவலர் கேட்டார். கேட்கலாமா இப்படி? வழக்குச் செலவாக அவர் கட்ட வேண்டி வந்தது 9,000 பவுண். வான்ஸ் சொன்னது இவரைப் பற்றித்தான். ஆனால் தள்ளிப் போய்ச் செபியுங்கள் என்று அலுவலர் ஒரு மணி நாற்பது நிமிடம்வரை அவரோடு பேசியதையும், அவர் மீறியது நாடளாவிய சட்டம் வருவதற்கு முன் அந்தக் கவுன்சில் போட்ட உத்தரவு என்பதையும் வான்ஸ் சொல்லவில்லை, உங்கள் கட்டுரையாளரும் சொல்லவில்லை.

மௌன செபத்துக்கு விலக்குக் கொடுக்கலாமா என்று பாராளுமன்றத்திலேயே 2023 மார்ச்சில் கேட்டார்கள், 116 க்கு 299 என்று தோற்றது. மௌன செபம் தானாகவே குற்றமாகிவிடாது என்று இப்போது அரச வழக்குத் தொடுநர்களின் வழிகாட்டி சொல்கிறது, அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் தெருவில் நிற்கிற பொலிஸ்காரர்தான் ஆளின் மனதைத் துழாவ வேண்டும். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. வாசலில் நிற்காதே, தள்ளிப் போ என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டுப் போகலாம். எதை நினைக்கிறாய் என்று கேட்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. இதிலும் சிக்கல் இருக்கிறது, தெரியும்: மசாசூசெட்ஸில் வெறும் 35 அடிக்குள் யாரும் நிற்கக்கூடாது என்று கோடு போட்டதை 2014 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றாகவே தள்ளிவிட்டார்கள், நடைபாதை எல்லாருக்கும் உரியது என்று. 150 மீற்றரை அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ. ஆனால் அந்தப் பிரசுரத்தை வாங்கிய கை என்னுடையது, எனக்கு அந்தத் தூரம் வேண்டும்.

கடைசியாக, ஸ்கொட்லாந்தில் வீட்டுக்குள் செபித்தாலும் குற்றம் என்று எழுதியிருந்ததையாவது திருத்திப் போடுங்கள். அந்த 200 மீற்றர் வலயத்துக்குள் இருக்கும் வீடுகளுக்குக் கடிதம் போனது உண்மை. வெளியே தெரியும்படியோ கேட்கும்படியோ, வருகிறவர்களைக் குறிவைத்தோ அவர்களைப் பற்றிக் கவலைப்படாமலோ எதையும் செய்யாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். யன்னலில் தொங்கும் பதாகைக்கு அது பொருந்தும், அறைக்குள் சொல்லும் செபமாலைக்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு லண்டன்